கரையும் நூல், கரையாத கட்டி: ஒரே முகத்தின் இரண்டு கன்னங்கள்

"கரையுற நூல்தானே டாக்டர், அதுவா போயிடும்னு சொன்னாங்க. பதினோரு வாரம் ஆச்சு, இன்னும் போகலை."

இடது கன்னத்தில் விரலை வைத்தபடி அவர் சொன்ன முதல் வாக்கியமே இதுதான். அதில் உள்ள 'கரையுற' என்ற ஒரு சொல்தான் இந்த எழுத்து முழுவதற்கும் காரணம். தண்ணீரில் போட்ட சர்க்கரை மாதிரி இரண்டு மூன்று நாளில் காணாமல் போய்விடும் என்ற நினைப்பில்தான் பலரும் திரெட் லிஃப்ட், அதாவது தோலுக்கடியில் நூல் விட்டு முகச்சதையைத் தூக்கும் சிகிச்சை, செய்துகொள்ளப் போகிறார்கள். நூலைப் போடுகிறவர்களில் சிலருக்கும் அதே நினைப்புதானோ என்று எனக்கு அவ்வப்போது சந்தேகம் வருவதுண்டு.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். வயது 47, பெண். சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. முகத்தில் இதற்கு முன் ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் நிரப்பும் ஊசி, போட்டதில்லை என்றார். இதை மட்டும் இரண்டு முறை கேட்டேன், ஏனென்றால் பழைய ஃபில்லர் இருக்கும் இடத்தில் நூலும் போய் உட்கார்ந்துவிட்டால், கட்டி எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது பெரிய தலைவலி. தாடையோரச் சதை இறங்கிவிட்டது, மூக்கோரத்திலிருந்து வாய்முனைக்கு வரும் மடிப்பு ஆழமாகிவிட்டது, ஆனால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதால் நூல். பக்கத்துக்கு நான்காக மொத்தம் எட்டு. நூல் வந்த உறையை செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார், அது எனக்குப் பெரிய உதவி: பாலிடையாக்ஸனோன், சுருக்கமாகப் பிடிஓ, முள் வைத்த காக் வகை, ஊதா நிறம். காதுக்கு முன்னால் முடி தொடங்கும் இடத்தில் கேனுலா என்ற மெல்லிய குழாயை நுழைத்து, கன்னத்தின் வழியாக வாயோரத்தை நோக்கி இறக்கி, நூலை உள்ளே விட்டுக் கேனுலாவை உருவி, சதையை மேலே தள்ளி முட்களில் மாட்டவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை வெட்டிவிட்டிருக்கிறார்கள். வழக்கமான முறைதான்.

வலது பக்கம் ஒரு வாரம் வீக்கம், வாயை அகலத் திறந்தால் ஒரு இழுவை, அப்புறம் ஒன்றுமில்லை. இடது பக்கம் கதையே வேறு. மூன்றாம் நாளே கன்ன எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் குழி, சிரித்தால் இன்னும் ஆழமாகும். மசாஜ் செய்தால் போய்விடும் என்றார்கள், செய்தார், போகவில்லை. ஐந்தாவது வாரம் குழிக்குப் பக்கத்தில் சிவப்பு. எட்டாவது வாரம் தொட்டால் உள்ளே ஒரு கயிறு ஓடுவது போல இருந்தது, வலியும் சேர்ந்துகொண்டது. பத்தாவது வாரம் கயிற்றின் ஒரு முனையில் புள்ளி உடைந்து லேசாகக் கசிந்தது. இதற்குள் ஐந்து ஐந்து நாளாக இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் குறையும், மறுபடி வரும். பொறுத்திருங்கள், கரைந்துவிடும் என்பதுதான் அங்கே கிடைத்த கடைசிப் பதில்.

எனக்கு இந்த முகத்தில் ஆர்வம் வந்தது கட்டியால் அல்ல, அமைதியாக இருந்த வலது கன்னத்தால். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே வகை நூல், போட்டதும் ஒரே கை. நூலின் பொருளே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு பக்கமும் பொங்கியிருக்க வேண்டும். உடல் எப்படிப்பட்டது, நூல் எப்படிப்பட்டது என்ற இரண்டு கேள்விகளும் இங்கே தானாகவே விலகிக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது, நூல் எங்கே போய் உட்கார்ந்தது என்பது.

கண்ணாலேயே பாதி விடை தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில் தோலை லேசாக இழுத்துப் பிடித்தால், கட்டிக்கு மேலே ஒரு நீலக்கோடு. முதலில் ரத்தக்குழாய் என்று நினைத்தேன், அழுத்தினால் மறைய வேண்டும், மறையவில்லை. நூலின் ஊதா நிறம் தோல் வழியாக நீலமாகத் தெரிகிறது. கொழுப்பு அடுக்கில் இருக்கும் நூலின் நிறம் வெளியே தெரிய வழியே இல்லை.

சரி, அளந்து பார்க்கலாம் என்று 20 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட். தோலை இந்த அதிர்வெண்ணில் பார்த்தால் நூல் இரண்டு இணைகோடுகளாகப் பளிச்சென்று தெரியும், தண்டவாளம் மாதிரி. வலது பக்கம் நான்கும் தோல் பரப்பிலிருந்து 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத்தில், கொழுப்புக்குள், ஸ்மாஸ் என்று சொல்லப்படும் தசைநார்ப் படலத்துக்குச் சற்று மேலே ஒழுங்காகப் படுத்திருந்தன. சுற்றிலும் மெல்லிய கறுப்பு விளிம்பு, அவ்வளவுதான். இடது பக்கம் மூன்று நூல்கள் அதே ஆழம். நான்காவது நூல் 5 மில்லிமீட்டரில் தொடங்கி, கன்ன எலும்பின் வளைவுக்கு வரும்போது மேலே ஏறி, ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு உள்தோலுக்குள்ளேயே, பரப்பிலிருந்து 1.2 மில்லிமீட்டரில் ஓடிவிட்டுத் திரும்பக் கீழே இறங்கியிருந்தது. ஏறின இடம்தான் குழி. ஓடின இடம்தான் கயிறு.

முகம் வளைந்தது, கேனுலா நேரானது. எலும்பு மேடு வரும் இடத்தில் மற்றொரு கை தோலைச் சரியாகப் பிடித்துத் தூக்கித் தராவிட்டால் முனை மேலே ஏறிவிடும். ஏறும்போது கைக்குத் தெரியும்: கொழுப்பில் வழுக்கிக்கொண்டு போன கேனுலா திடீரென்று மாட்டும், தடுப்பு கூடும், தோல் மேலே கூடாரம் போல எழும்பும். அப்போதே பின்னால் உருவி மறுபடி இறக்கவேண்டும். உருவாமல் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கன்னமே சாட்சி.

எடுத்தது

அவரிடம் இரண்டு வழிகளையும் சொன்னேன். காத்திருக்கலாம், ஆனால் பிடிஓ நூல் உடலை விட்டு முழுசாகப் போக ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும், அதாவது இன்னும் மூன்றரை முதல் ஐந்தரை மாதம் கசிவோடு. இல்லையென்றால் அந்த ஒரு துண்டை மட்டும் எடுக்கலாம். "எடுத்துடுங்க டாக்டர், எத்தனை நாள் மாஸ்க் போட்டுக்கிட்டு சுத்துறது" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, கசிந்த புள்ளியிலேயே 2 மில்லிமீட்டர் கீறி, மெல்லிய கொசுமூக்கு இடுக்கியால் தேடினேன். முனை கிடைத்தது. இழுத்தேன், உடைந்தது. 9 மில்லிமீட்டர் ஒரு துண்டு. மறுபடி தேடி இன்னொரு 5 மில்லிமீட்டர். கொழுப்புக்குள் இருந்த மிச்சத்தை விட்டுவிட்டேன், அது யாருக்கும் தொந்தரவு தரவில்லை, அதைத் துரத்திக்கொண்டு போனால் நான்தான் புதுக் காயம் உண்டாக்கியிருப்பேன்.

அந்தத் துண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புது பிடிஓ நூல் பளபளவென்று வழவழப்பாக இருக்கும், விரலில் சுற்றி இழுத்தால் விரலை வெட்டும். பதினோரு வாரம் கழித்து வெளியே வந்தது மங்கலாக, சொரசொரப்பாக இருந்தது. நிறம் அப்படியே, தடிமனும் கிட்டத்தட்ட அப்படியே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குறுக்கே மெல்லிய வெடிப்புகள், முட்களில் இரண்டு போயே போய்விட்டன, மற்றவை கூர் மழுங்கிக் கிடந்தன. இடுக்கியால் லேசாக வளைத்ததும் முறிந்தது. பார்வைக்கு நூல், பலத்தில் ஒன்றுமில்லை.

இங்கேதான் 'கரையும்' என்ற சொல் ஆளை ஏமாற்றுகிறது. பிடிஓ கரைவதில்லை, சிதைகிறது. அந்தப் பாலிமர் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன, உடலின் நீர் உள்ளே ஊறி அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. ஹைட்ராலிஸிஸ் என்பது இதுதான். சங்கிலி நடுவில் அறுந்தால் நூலின் பலம் உடனே குறையும், ஆனால் அறுந்த துண்டுகள் இன்னும் பெரியவை, வெளியேற முடியாது, அதனால் உருவம் அப்படியே நிற்கும். நான்கு வாரத்தில் பலத்தில் பாதியோ கொஞ்சம் அதிகமோதான் மிஞ்சும், ஆறு வாரத்தில் இன்னும் குறைவு, மொத்தப் பொருளும் போகவோ ஆறு மாதத்துக்கு மேல். சங்கிலி மிகச் சிறு மூலக்கூறாக உடைந்த பிறகுதான் பெரும்பகுதி சிறுநீர் வழியாகப் போகும். பாலிலாக்டிக் அமில நூல்கள் இதே வழியில் இன்னும் மெதுவாக, ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு லாக்டிக் அமிலமாக உடையும், பாலிகேப்ரோலாக்டோன் அதைவிடவும் மெதுவானது. பழைய கேட்கட் தையல் வேறு ரகம்: அது விலங்குத் திசுவிலிருந்து வந்தது, உடல் தன் நொதிகளைக் கொண்டு அதைச் செரித்தாக வேண்டும், அதனால் அழற்சியும் கூடுதல். செயற்கை நூல்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, தூக்கிப்பிடிக்கும் வேலை ஒன்றரை மாதத்தில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அந்நியப் பொருளாக உள்ளே உட்கார்ந்திருக்கும் வேலை மட்டும் அதற்கப்புறமும் பல மாதம் தொடர்கிறது. இந்த இடைவெளியை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை.

ஸ்லைடு

கட்டியின் ஓரத்தில் 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்ஸி, அதாவது சோதனைக்காக ஒரு சின்னத் திசுத் துண்டு, எடுத்து இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி நுண்ணோக்கி ஸ்லைடுக்காக ஃபார்மலினில், மறு பாதி கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு: சாதாரண பாக்டீரியா, பூஞ்சை, மைகோபாக்டீரியா மூன்றுக்கும். மூன்றாவதைக் கேட்டு வாங்காவிட்டால் ஆய்வகம் செய்யாது. திரெட் லிஃப்ட்டுக்குப் பிறகு காசநோய் அல்லாத மைகோபாக்டீரியா தொற்று வந்ததாக மருத்துவ இதழ்களில் நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன, ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கில் கொஞ்சம் அடங்கி மறுபடி எழும் கட்டி என்றால் அது நினைவுக்கு வந்தாக வேண்டும். அது இல்லை என்று தெரியும் முன் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது நெருப்புக்கு நெய்.

ஸ்லைடைப் பார்க்கும்போது நான் எப்போதும் நூலிலிருந்து தொடங்கி வெளியே போவேன், ஏனென்றால் நூலைச் சுற்றியுள்ள வளையங்களில் நடந்த கதை வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

நடுவில் நூலின் குறுக்குவெட்டு: வட்டமாக, லேசான ஊதாச் சாயலோடு, கண்ணாடித் துண்டு மாதிரி. போலரைஸ் ஒளியைப் போட்டால் மின்னுகிறது. நூல் உள்ளே போன சில நொடிகளிலேயே ரத்தத்தில் உள்ள புரதங்கள், ஃபைப்ரினோஜன், ஆல்புமின் போன்றவை, அதன் மேல் ஒட்டிப் படலமாகிவிடும். இது ஸ்லைடில் தெரியாது. ஆனால் இதுதான் முதல் சம்பவம்: செல்கள் பிடிஓவை நேரில் பார்ப்பதே இல்லை, அதன் மேல் போர்த்திய புரதப் போர்வையைத்தான் பார்க்கின்றன. முதல் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வரும், கேனுலா கிழித்த காயத்துக்காகவும் சேர்த்து. அவை போன பிறகு மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகைக் காவல் செல்கள்.

மேக்ரோஃபேஜின் வேலை விழுங்குவது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 20 மைக்ரான், எதிரே நிற்கும் நூலோ 300 மைக்ரான் தடிமனுள்ள தூண். விழுங்க முடியாது. விட்டுப் போகவும் மனசில்லை. ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்லாகி, தூணின் மேல் தட்டையாகப் படுத்துக்கொள்கின்றன. நம் ஸ்லைடில் நூலின் விளிம்பு நெடுக அப்படி ஒரு வரிசை, ஒரு செல்லில் மட்டும் இருபதுக்கு மேல் உட்கரு எண்ணினேன், அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். இது நோயல்ல. வலது கன்னத்தின் நான்கு நூல்களைச் சுற்றியும் இப்படி ஒரு மெல்லிய வரிசை இருந்திருக்கும். எந்த நூல் போட்டாலும் உடல் செய்வது இதைத்தான்.

அடுத்த வளையம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும், அவை நெய்யும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும். மேக்ரோஃபேஜ்கள் விடும் டிஜிஎஃப் பீட்டா போன்ற சமிக்ஞைகளைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் வந்து முதலில் மூன்றாம் வகைக் கொலாஜனைப் போடும், வாரங்கள் போகப்போக அது தடித்த முதலாம் வகையாக மாறும். சில ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சுருங்கும் திறன் பெற்று மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் ஆகும், அவை சுற்றியுள்ள திசுவை லேசாக உள்ளே இழுக்கும். விளம்பரங்களில் 'நூல் புதுக் கொலாஜனைத் தூண்டுகிறது' என்று வருவது பொய்யில்லை. விலங்குப் பரிசோதனைகளிலும் நூலைச் சுற்றிக் கொலாஜன் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கொலாஜன் இளமைத் தோலில் கூடை பின்னினது போல நாலா திசையிலும் ஓடும் கொலாஜன் அல்ல, நூலைச் சுற்றி உறை போல, நூலுக்கு இணையாக ஓடும் கொலாஜன். அதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, தழும்பு. சரியான ஆழத்தில், சரியான அளவில் இருந்தால் அந்தத் தழும்பே சதையைச் சில மாதம் பிடித்து வைக்கிறது, அதுதான் நூல் பலமிழந்த பிறகும் முகம் உடனே இறங்கிவிடாததற்குக் காரணம். நல்ல விஷயத்தை அதன் பெயரைச் சொல்லி விற்றால் என்ன, விற்காதோ?

இதுவரை பார்த்தது எல்லாம் எதிர்பார்த்தது. ஆச்சரியம் நூலிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ஒரு முடிக்கால் பக்கவாட்டில் கிழிந்து, உள்ளே இருக்கவேண்டிய கெரட்டின் துணுக்குகளும் சின்ன முடித்துண்டு ஒன்றும் உள்தோலில் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி வேறொரு ராட்சத செல் கூட்டம், இன்னும் ஆக்ரோஷமாக, நடுவில் நியூட்ரோஃபில்கள் திரண்ட குட்டிச் சீழ்ப்பை. உள்தோலைப் பொறுத்தவரை சொந்த முடியே அந்நியப் பொருள்தான், முடிக்கால் என்ற குழாய்க்குள் இருக்கும் வரைதான் அதற்கு மரியாதை. அதோடு முடிக்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம். நூல் அதைக் கிழித்துக்கொண்டு போகும்போது அந்தக் குடித்தனத்தையும் உள்ளே அழைத்துப் போகிறது. ஆக இந்தக் கட்டியில் இரண்டு அந்நியப் பொருள்கள்: ஒன்று போட்டது, இன்னொன்று அவருடையதே. கன்னத்தின் கொழுப்பு அடுக்கில் அந்த ஆழத்தில் முடிக்கால்கள் இல்லை, அதனால் அங்கே ஓடிய நூல்களுக்கு இந்தச் சிக்கலும் இல்லை.

மேலே இன்னொன்று. கசிந்த புள்ளியில் மேல்தோல் நாக்கு நீட்டினது போல நூலைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. மேல்தோல் செல்களுக்கு ஒரு பரப்பு கிடைத்தால் அதன் மேல் ஊர்ந்து போய் மூடுவது பழக்கம். நூலைச் சுற்றி ஊர்ந்து இறங்கினால் அது ஒரு குழாய் ஆகிறது, நூல் குழாய்க்குள், அதாவது உடலுக்கு வெளியே. தோல் பொருளைத் துப்பும் முறை இது. காத்திருந்திருந்தால் ஒரு நாள் நூல் தானாகவே நீட்டிக்கொண்டு வந்திருக்கும், ஆனால் குழாயின் சுவரில் மேல்தோல் படிந்துவிட்டால் நூல் போன பிறகும் அந்தத் துளை மூடாமல் நிற்கும் அபாயம் உண்டு.

உள்தோலில் ஏன் இவ்வளவு கலவரம் என்பதற்கு முடிக்கால் மட்டும் காரணமில்லை. நோயெதிர்ப்புக் காவலர்கள் நெருக்கமாக நிற்கும் இடம் அது, மாஸ்ட் செல், டென்ட்ரிடிக் செல், நுண்ரத்தக்குழாய் எல்லாம் அங்கே அடர்த்தி. கொழுப்பு மெத்தை மாதிரி, நூல் அசைந்தால் கூடவே அசையும். உள்தோல் இறுக்கமான தோல்பை, முள் அதில் மாட்டினால் ஒவ்வொரு சிரிப்புக்கும் கீழே தசை இழுக்க, மேலே தோல் பிடிக்க, நடுவில் நூல் அறுக்கிறது. காயம் ஆறாமல் தினமும் புதுப்பிக்கப்படுகிறது. இத்தனைக்கும் நடுவில் அவரை மசாஜ் வேறு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சில நாளில் மாட்டிய முள்ளை விடுவிக்க மென்மையாக அழுத்துவது சில குழிகளுக்கு உதவும், மறுக்கவில்லை. எட்டாவது வாரம் வரை செய்தால் அழற்சிக்குத் தீனி.

இது அபூர்வமா?

நூலால் முகம் தூக்குவது புதிதல்ல. முள் வைத்த தையலுக்கு 1964-லேயே அமெரிக்காவில் அல்கேமோ என்பவர் காப்புரிமை வாங்கினார். முகத்துக்கு அதைக் கொண்டுவந்ததில் ரஷ்யாவில் பணியாற்றிய மருத்துவர் சுலமனிட்ஸேவுக்கு முக்கியப் பங்கு, 1990-களின் பின்பாதியில் அவர் பயன்படுத்தியது கரையாத பாலிப்ரோப்பிலீன் நூல். அது காலத்துக்கும் உள்ளேயே இருக்கும், பிரச்சினை வந்தாலும் காலத்துக்கும். 1980-களிலேயே அறுவை சிகிச்சைத் தையலாக இருந்த பிடிஓவை முகத்துக்கு எடுத்துக்கொண்டு பரப்பியதில் தென்கொரிய மருத்துவர்கள் முன்னால் நின்றார்கள். கரையாததிலிருந்து கரைவதற்கு வந்தது நல்ல மாற்றம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி திரெட் லிஃப்ட் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வீக்கம், பத்தில் ஒருவருக்குத் தோலில் குழி, நூறில் இரண்டு பேருக்குத் தொற்று, அதே அளவினருக்கு நூல் வெளியே நீட்டிக்கொண்டு வருவது. பத்தில் ஒன்று என்பதை அபூர்வம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரும்பாலான குழிகள் தானாகச் சரியாகிவிடும், ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் குழியை அல்ட்ராசவுண்டில் பார்க்காமல் 'கரைந்துவிடும்' என்று அனுப்புவது சோம்பேறித்தனம்.

அப்புறம் நடந்தது

நூலை எடுத்த ஐந்தாம் நாள் கசிவு நின்றது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மூன்று வாரம். கல்ச்சரில் தோலில் வழக்கமாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கொஞ்சம் வளர்ந்தது, பூஞ்சை இல்லை, மைகோபாக்டீரியாவுக்கு எட்டு வாரம் வைத்திருந்தும் ஒன்றும் இல்லை. அந்த எட்டு வாரமும் அவர் ஒவ்வொரு முறையும் "இப்பவாவது அந்த ஊசி போடலாமா டாக்டர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் மறுத்துக்கொண்டே இருந்தேன். பாதிக் கட்டி அதற்குள் தானாகவே வற்றிவிட்டது. எஞ்சிய கயிற்றுக்கு அவர் கேட்ட அந்த ஸ்டீராய்டு ஊசி, டிரையாம்சினோலோன், மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்று நீர்க்க வைத்து, 0.1 மில்லிலிட்டர், நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை. அதைவிடக் கெட்டியாகப் போட்டால் கட்டி போகும், கூடவே தோலும் மெலிந்து புதுக் குழி விழும், ஒரு குழிக்கு மருந்து தரப்போய் இன்னொரு குழி. பழைய குழியை ஊசியால் அறுத்துவிட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன், தேவைப்படவில்லை. முள் போனதும் தோல் தானாகவே மேலே வந்தது.

நூல் போட்ட ஒன்பதாம் மாதம் கடைசி அல்ட்ராசவுண்ட். வலது பக்கம் தண்டவாளங்கள் நான்கும் காணோம். அவை ஓடிய பாதையில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்று, நூல் போன பிறகு நின்ற உறை. இடது பக்கம் மூன்று நூல்களின் பாதையும் அப்படியே. உள்தோலில் நாலாவது நூல் கிடந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு அடர்ந்த கோடு, வெளியே பார்த்தால் வெளிர்நிறத்தில் கடுகளவு தழும்பு.

தாடைக்கோட்டைப் புகைப்படங்களில் ஒப்பிட்டோம், நூல் போடுவதற்கு முந்தைய நாள் எடுத்தது, மூன்றாம் மாதம், ஒன்பதாம் மாதம். மூன்றாம் மாதத்தில் வலது பக்கம் நன்றாகவே தூக்கியிருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்பதாம் மாதப் படத்தையும் முதல் படத்தையும் தேதி மறைத்து அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தப்பானதைத் தொட்டார். அப்புறம் சிரித்தார், இடது கன்னம் குழி விழாமல் மேலே போனது.

"சரி, மறுபடி போட்டுக்கணும்னா எவ்வளவு ஆழத்துல போடச் சொல்லணும்?" என்று கேட்டார்.

உள்ளே போன நூல் ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அன்றைக்கே அல்ட்ராசவுண்டில் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள், மேலே ஏறியிருந்தால் அந்த நாற்காலியை விட்டு எழுவதற்குள் உருவி எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். முதல் நாளில் நூல் முழுப் பலத்தோடு இருக்கும், உறை கட்டியிருக்காது, இழுத்தால் முறியாமல் ஒரே துண்டாக வரும். அவர் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டார்.